முழு ஊரடங்கு: முன்கூட்டிச் சொன்னால் கூட்டம், திடீரென்று சொன்னால் தவிப்பு. எது சரி?

வடபழனி வாசகன்:
2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார்; நள்ளிரவிலிருந்து 21 நாள் ஊரடங்கு. அவகாசம் நான்கு மணி நேரம். ஏப்ரல் 24-ல் தமிழக அரசு சென்னை, கோவை, மதுரையில் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு என்று அறிவித்தது. நடுவில் கிடைத்த 25-ஆம் தேதி மளிகைக் கடை, காய்கறிக் கடை எல்லாம் பிதுங்கியது. முதலாவதில் அவகாசம் கொடுக்காதது குற்றம், இரண்டாவதில் கொடுத்ததே குற்றம். அப்படியானால் எத்தனை மணி நேரம்தான் சரி? சென்னை கோயம்பேடு காய்கறிச் சந்தையில் கொரோனா பரவியதற்கு அந்த ஒரு நாள் கூட்டம்தான் காரணமா?

நாள்கணக்கு:
கோயம்பேட்டை முதலில் முடித்துவிடுவோம். தேதி இடிக்கிறது. அப்போதிருந்த வைரஸ் தொற்றி அறிகுறி தெரிய பெரும்பாலும் 5 நாள், சிலருக்கு 14 நாள் வரை. பிறகு மூக்கு, தொண்டையில் மாதிரி எடுத்து ஆர்டி-பிசிஆர் பரிசோதனை முடிவு வர இரண்டு மூன்று நாள். 25-ஆம் தேதி தொற்றியவர் கணக்கில் ஏறுவது மே முதல் வாரத்தில்தான். ஆனால் சந்தையில் ஏப்ரல் கடைசி வாரத்திலேயே பாசிட்டிவ் வரத் தொடங்கிவிட்டது. அதாவது உள்ளே அதற்கும் ஒரு வாரம் முன்பே பரவியிருக்க வேண்டும். 25-ஆம் தேதிக் கூட்டம் வேகத்தைக் கூட்டியிருக்கலாம், தொடங்கிவைத்திருக்க முடியாது.

அங்கே பெரிய ஆபத்து வந்து போகிற வாடிக்கையாளரை விட சுமைப்பணித் தொழிலாளர்களுக்குத்தான். பலர் வெளியூர்க்காரர்கள், இரவில் சரக்கு இறக்கிவிட்டு சந்தைக்குள்ளேயே படுப்பவர்கள். மூட்டையை ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாற்றும்போது இடைவெளிக்கு எங்கே போவது? முகக்கவசத்தோடு 50 கிலோ சுமந்து நாள் முழுக்க மூச்சு விடவும் முடியாது.

மே 5-ல் சந்தையை மூடினார்கள். அதற்குள் தொழிலாளர்கள் கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் என்று ஊர் திரும்பிவிட, அந்த மாவட்டங்களில் எண்ணிக்கை எகிறியது. இப்படிப்பட்ட இடத்தை மூடுவதாக இருந்தால் வரிசை முக்கியம்: முதலில் மாதிரி எடுப்பது, முடிவு வரும் வரை சோறும் கூலியும் கொடுத்துத் தங்கவைப்பது, பிறகு யார் எந்த ஊருக்குப் போகிறார் என்ற பட்டியல் அந்தந்த மாவட்டத்துக்கு ஆளுக்கு முன்னால் போய்ச் சேருவது. பூட்டு கடைசியில்.

மளிகைப் பேரேடு:
கூட்டத்தை முடிவு செய்வது அவகாசம் அல்ல, எதை மூடுகிறீர்கள் என்பது. நியூசிலாந்தில் 2021 ஆகஸ்ட் 17 அன்று ஒரே ஒருவருக்குத் தொற்று. அன்று இரவே நாடு முழுக்க ஊரடங்கு. ஆனால் மறுநாளும் சூப்பர்மார்க்கெட் திறந்திருந்தது, அதனால் ஒரே நாளில் முண்டியடிக்க வேண்டிய அவசியம் இல்லை.

சென்னையில் 2020 ஏப்ரலில் கடை நேரம் ஏற்கெனவே மதியம் 1 மணி வரைதான். ஒரு கடைக்கு நாளுக்கு 300 பேர் என்று வையுங்கள். காலை 6 முதல் இரவு 9 வரை என்றால் மணிக்கு 20 பேர். 1 மணிக்கே மூடினால் 43 பேர். அதன் மேல் நாலு நாள் மூடல் என்று சொன்னால், அந்த நாலு நாளில் வர வேண்டியவர்களில் பாதிப் பேர், அதாவது 600 பேர், கூடுதலாக அன்றே வருவார்கள். மணிக்கு 129. 25-ஆம் தேதி செய்ததுபோல் 3 மணி வரை நீட்டித்தும் 100 பேர். அதுவும் கூட்டத்தைப் பார்த்த பிறகு வந்த நீட்டிப்பு!

நேரத்தைக் குறைப்பது ரோந்து போகிற போலீசாருக்கு வசதி. தொற்றைக் குறைக்கும் என்பது வெறும் நம்பிக்கை.

வடபழனி வாசகன்:
சரி, ஆனால் 2021 மே-யில் நேரத்தைக் கூட்டிப் பார்த்தார்களே? 22-ஆம் தேதி அறிவித்து, அன்றும் மறுநாளும் இரவு 9 மணி வரை கடைகள். 24-லிருந்து மளிகைக்கடை உட்பட மூடல், காய்கறி தோட்டக்கலைத் துறை வண்டிகளில். அப்போதும் கூட்டம்தான்.

நாள்கணக்கு:
அதை வைத்து எந்தப் பக்கமும் வாதாட முடியாது. மாநிலத்தின் தினசரி எண்ணிக்கை 21-ஆம் தேதியே 36 ஆயிரத்தைத் தாண்டி உச்சம் தொட்டது. 10-ஆம் தேதியிலிருந்தே ஊரடங்கு இருந்தது. இறக்கத்துக்கு 24-ஆம் தேதி மூடலைக் காரணமாகச் சொல்வது கடினம்.

தெற்குவாசல்:
பொருள் வாங்குவதையும் ஊருக்குக் கிளம்புவதையும் ஒன்றாகக் குழப்புகிறோம். 2020 மார்ச் 7 இரவு இத்தாலியின் லொம்பார்டி மாநிலத்தை மூடும் ஆணையின் வரைவு முன்னதாகவே வெளியே கசிந்து, மிலான் ரயில் நிலையத்துக்கு ஆட்கள் ஓடினார்கள். கிளம்புபவருக்கு அவகாசம் கொடுத்தால் தொற்றும் கூடவே பயணம் போகும். கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை, டெல்லி ஆனந்த் விஹார் பேருந்து நிலையத்தில் வெளியூர்த் தொழிலாளர்கள் குவிந்த மார்ச் 28 அன்று பார்த்தோம். பயணிகள் ரயில்கள் 22-ஆம் தேதியே நிறுத்தம். தொழிலாளர்களை ஊருக்கு ஏற்றிச் சென்ற ஷ்ரமிக் சிறப்பு ரயில்கள் மே 1-ல்தான் வந்தன. நடுவில் ஐந்து வாரத்துக்கு மேல் வாடகை யார் தருவது?

என் கணக்கில், கடைகளுக்கு 48 மணி நேரம், முழு நேரமும் திறந்து. மாவட்டம் தாண்டும் பேருந்துக்கு அவகாசம் வேண்டாம், ஆனால் கூலித் தொழிலாளிக்கு முதல் நாளே சாப்பாடும் பணமும்.

மளிகைப் பேரேடு:
பணம் கொடுக்கும் இடமும் கூட்டம் சேரும் இடம்தான். 2020 ஏப்ரலில் ரேஷன் கடைகளில் 1,000 ரூபாய் நிவாரணத்துக்கு நாளும் நேரமும் போட்ட டோக்கன் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு 2,000 ரூபாய்க்கும் அதே முறை. டோக்கனை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கடையில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னால் ஒரே ஆள் இரண்டு முறை வரிசையில் நிற்பார்.