கடைசித் தாள் இல்லாத வில்லன்

மல்லாவியிலிருந்து:

தொண்ணூறுகளிலை எங்கட வீட்டிலை கரண்ட் இல்லை. ஜாம் போத்தலுக்குள்ளை பஞ்சு வச்சு, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுக் கொளுத்திற விளக்குத்தான். அந்த வெளிச்சத்திலை, கைமாறிக் கைமாறி வந்த மாண்ட்ரேக் எண்ட மந்திரவாதியின்ரை கொமிக்ஸ் ஒண்டு வாசிச்சனான். கடைசி நாலு தாள் இல்லை. முகமூடிக்கார வில்லன் பிடிபட்டானோ தப்பினானோ தெரியாது. மாண்ட்ரேக்கை அடுத்த கிழமையே மறந்திட்டன். மற்றவன் மட்டும் இரவிலை கிணத்தடிக்குப் போகேக்கை பின்னாலை வந்துகொண்டிருந்தான்.

இப்ப பெடியளுக்கெண்டு ஒரு மாயக்கதை எழுதுறன். குளத்துத் தண்ணியைக் கட்டி வச்சிருக்கிற மந்திரவாதிதான் வில்லன். மூண்டு அதிகாரம் மருமகளுக்கு வாசிச்சுக் காட்டினன். "மாமா, இவர் சிரிக்காத நேரத்திலை என்ன செய்வார்?" எண்டாள். என்னட்டைப் பதில் இல்லை.

பிறகுதான் பழசுகளைத் தேடினன். கொனான் எண்ட வாள்வீரனைப் பற்றி ரொபேர்ட் ஈ. ஹோவார்ட் எழுதின முதல் கதை 1932 டிசம்பர் 'வியர்ட் டேல்ஸ்' எண்ட அமெரிக்க இதழிலை வந்தது. அதிலை தோத் அமோன் எண்டொரு சூனியக்காரன். பின்னாலை வந்த கொமிக்ஸுகள் அவனைக் கொனானுக்குப் பரம எதிரியாக்கிப்போட்டுது. இந்தக் கதையிலை ரெண்டுபேரும் நேரை சந்திக்கிறதே இல்லை! அவன் அங்கை ஒரு அடிமை. சக்தி இருந்த மோதிரம் களவு போய், இன்னொருத்தனுக்கு ஏவல் செய்யிறான். ஒரு கொழுத்த பிரபு தன்ரை அதிஷ்ட மோதிரத்தைப் பற்றி அலம்பிக்கொண்டிருக்க, இவன் வேறை யோசினையிலை நிக்கிறான். 'மோதிரம்' எண்ட சொல் காதிலை விழ, திரும்பிறான். செம்பு மாதிரி உலோகம். மூண்டு சுத்துப் பாம்பு, வாலை வாயிலை கவ்வினபடி. கண் ரெண்டும் மஞ்சள் கல்லு. அந்த இடத்திலை என்ரை தேத்தண்ணி ஆறிப்போச்சு.

என்ரை மந்திரவாதியும் இப்ப எடுபிடிதான். குளத்து மதகைத் திறக்கிற துருசுத் திறப்பைப் பறிகுடுத்திட்டு, அதை வச்சிருக்கிற முதலாளியின்ரை மாடு சாய்க்கிறான்.

முள்ளியவளையிலிருந்து:

அண்ணை, நீங்கள் மோதிரம் எண்ட உடனை எனக்குச் சிலம்புதான் ஞாபகம் வந்தது. எங்கட கோவலன் கூத்திலை பெரியப்பாவுக்குத் தட்டான் வேஷம். அரசியின்ரை சிலம்பைத் தானே களவெடுத்துப்போட்டுக் கோவலனைக் காட்டிக்குடுக்கிறவர். விடியச் சந்தைக்குப் போனால் கிழவியள் அவருக்குத் தேங்காய் குடுக்க மாட்டினமாம். "சிலம்பை வாங்கின உடனை கண்ணை உருட்டக் கூடாது பிள்ளை, முதல்லை நிறை பாக்கோணும்" எண்டு சொல்லி, உள்ளங்கையை மெல்ல ஏத்தி இறக்கிக் காட்டுவார். பயம் அதிலைதான் வரும்.

வவுனியாவிலிருந்து:

பழைய வில்லன்களிட்டை இருந்து எடுக்கேக்கை தோல் நிறத்தையும் சேத்து எடுத்திடாதேங்கோ. 1934 இலை ஃப்ளாஷ் கோர்டன் எண்ட விண்வெளிக் கொமிக்ஸோடை வந்த வில்லன் மிங்கின்ரை பேர், மீசை எல்லாம் ஆசியாக்காரரைப் பற்றி வெள்ளையளுக்கு இருந்த பயம். ஹோவார்டிலையும் அந்த நிறக்கணக்கு இருக்கு. இதெல்லாம் பாத்து வளந்த நான் சின்னனிலை வில்லன் கீறினால் கறுப்புப் பென்சில்தான் முதல்லை முடியும். ஒருநாள் அம்மா எட்டிப் பாத்திட்டு, "உன்னைப் போலத்தான் கிடக்கு" எண்டா.

மல்லாவியிலிருந்து:

அது சரிதான். என்ரை ஆளின்ரை நிறத்தை நான் எங்கையும் எழுதேல்லை, தப்பினன். தங்கச்சி, அந்த நிறை பாக்கிறதை நான் எடுக்கிறன், பெரியப்பாவுக்குச் சொல்லுங்கோ. மருமகள் இப்ப அடுத்த கேள்வியோடை நிக்கிறாள்: அந்த மந்திரவாதி, தான் சாய்க்கிற மாடுகளுக்கு என்ன பேர் வச்சவராம்?