நாளிதழில் பெண்கள் எவ்வளவு, எப்படி வருகிறார்கள் என்று எண்ணுவது எப்படி?

நூலகவாசி:

வணக்கம். கிளை நூலக வாசகர் வட்டத்தில் ஆறு பேர் சேர்ந்து, ஒரு தமிழ் நாளிதழின் ஆறு மாத இதழ்களில் பெண்கள் எவ்வளவு வருகிறார்கள், எந்த நிலையில் வருகிறார்கள் என்று எண்ணப் போகிறோம். "செய்தியில் பெண்கள் குறைவு" என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் கையில் எண் இல்லை. முடிவை ஆசிரியர் குழுவுக்கே அனுப்பும் எண்ணம் இருக்கிறது. அதனால் அவர்கள் தட்டிக்கழிக்க முடியாதபடி செய்யவேண்டும்.

எதை எண்ணுவது: செய்தியையா, ஆளையா, பத்தி அளவையா? ஆறு மாத இதழையும் படிக்க முடியாது, எத்தனை நாள் போதும்? ஒரே செய்தியை இருவர் இரு விதமாகக் குறித்தால் என்ன செய்வது? கடைசியில் வரும் சதவீதத்தை எதோடு ஒப்பிடுவது?

அச்சுமை:

ஆளை எண்ணுங்கள். பத்தி அளவை அளந்தால் விளம்பரம் அதிகமுள்ள நாளில் எல்லாச் செய்தியும் சுருங்கிவிடும், உழைப்பு வீணாகும். செய்தியை எண்ணினால் "இது பெண்களைப் பற்றிய செய்தியா" என்ற வாக்குவாதத்திலேயே பாதி நேரம் போகும். உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டம் 1995 முதல் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை ஆளைத்தான் எண்ணி வருகிறது. 1995-ல் 71 நாடுகளில் ஒரே நாளில் எண்ணியபோது செய்தியில் வந்தவர்களில் பெண்கள் 17 சதவீதம். 2010-ல் 24, 2015-லும் 24, 2020-ல் 25. உங்கள் எண்ணை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டுமானால் அலகும் அதுவாகவே இருக்கவேண்டும்.

யார் "செய்தியில் வரும் ஆள்"? செய்தி யாரைப் பற்றியதோ அவர், யாருடைய பேச்சு நேராகவோ சாராம்சமாகவோ வருகிறதோ அவர். வெறுமனே பெயர் அடிபடுகிறவர் கணக்கில் இல்லை. "40 மாணவிகள் பங்கேற்றனர்" போன்ற கூட்டமும் இல்லை. ஒருவர் ஒரே செய்தியில் பத்து இடத்தில் வந்தாலும் ஒன்றுதான்.

ஒவ்வொரு ஆளுக்கும் தாளில் ஒரு வரி. தேதி, பக்கம், செய்தி எண், துறை (அரசியல், குற்றம், விளையாட்டு, சினிமா, கல்வி, உள்ளூர்), பால், பங்கு, மேற்கோள் உண்டா, படம் உண்டா, உறவால் அடையாளம் காட்டப்பட்டாரா. இதற்கு மேல் கட்டம் போடாதீர்கள். இருபது கட்டம் போட்ட தாள் மூன்றாம் நாளே பாதி காலியாக வரும்.

உயிரான கட்டம் "பங்கு"தான். செய்தியின் நாயகர், அமைப்பின் சார்பில் பேசுபவர், துறை வல்லுநர், சொந்த அனுபவம் சொல்பவர், நேரில் கண்டவர், பொதுமக்கள் கருத்து என்று ஆறு வகை போதும். மொத்தச் சதவீதம் நகராமல் இருக்கும்போதும் இதற்குள் மாற்றம் நடக்கும். மேலே சொன்ன உலகக் கணக்கில் 2015-க்கும் 2020-க்கும் இடையே மொத்தம் ஒரே ஒரு புள்ளிதான் கூடியது, வல்லுநர்களில் பெண்களோ 19-லிருந்து 24 சதவீதம் ஆனார்கள்.

தமிழ் நாளிதழ்களுக்கே உரிய மூன்று பள்ளங்கள் உண்டு.

முதலாவது, நிகழ்ச்சிச் செய்தியின் கடைசிப் பத்தி. "ஒன்றியச் செயலாளர் இன்னார், நகரச் செயலாளர் இன்னார் உள்ளிட்டோர் கலந்துகொண்டனர்" என்று இருபது பெயர் வரும். எண்ணினால் ஒரே செய்தி அன்றைய கணக்கையே கவிழ்க்கும். பட்டியல் பெயர்களை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, உறவு அடையாளம். "அதே பகுதியைச் சேர்ந்தவர் முருகன் (40). இவரது மனைவி செல்வி (35)" என்று தொடங்கும் செய்தி கடைசிவரை செல்விக்கு நடந்ததைப் பற்றியதாக இருக்கும். இதைக் குறிக்கத்தான் வேண்டும். ஆனால் ஆண்களும் "ராமசாமி மகன் ராஜா (25)" என்றுதான் வருகிறார்கள், காவல் நிலையப் பதிவின் நடை அது. எனவே இருபாலருக்கும் குறியுங்கள். பெண்களுக்கு மட்டும் குறித்தால் ஆசிரியர் குழு முதலில் கேட்கும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

மூன்றாவது, பெயர் இல்லாமை. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72-ம் பிரிவின்படி குற்றம் (முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 228ஏ). அங்கே பெயர் இல்லாதது புறக்கணிப்பு அல்ல, சட்டம். "பெயரில்லை, சட்டக் காரணம்" என்று தனிக் குறி வையுங்கள்.

கணக்குப்பிள்ளை:

அச்சுமை சொன்ன அலகு சரி. நாள்களைப் பற்றிச் சொல்கிறேன்.

தொடர்ச்சியாக இரண்டு வாரம் எடுப்பதுதான் எல்லோரும் முதலில் செய்யும் தவறு. அந்த இரண்டு வாரத்தில் சட்டமன்றக் கூட்டமோ தேர்வு முடிவோ வந்தால் ஆறு மாதமும் அப்படித்தான் என்று தெரியும். தேர்வு முடிவு நாளில் மாணவிகளின் படங்கள் பக்கம் நிறைய வரும், அதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதற்குப் பதிலாக வாரத்தைக் "கட்டிக்கொள்ளுங்கள்": ஆறு மாதத்தில் ஏறக்குறைய 26 திங்கள் வரும். 26 சீட்டு எழுதிக் குலுக்கி இரண்டு எடுங்கள். செவ்வாய்க்கும் அப்படியே, ஞாயிறு வரை. 14 இதழ் கிடைக்கும், ஒவ்வொரு கிழமையும் இரண்டு முறை வரும். கிழமை முக்கியம், ஏனென்றால் இணைப்பிதழும் பக்க எண்ணிக்கையும் கிழமையைப் பொறுத்து மாறும். சீட்டில் வந்த தேதி பண்டிகை விடுமுறையால் இதழ் வராத நாளாக இருந்தால் மறுநாளுக்குத் தாவாதீர்கள், அதே கிழமையில் இன்னொரு சீட்டு எடுங்கள்.

பதிப்பை இப்போதே உறுதிசெய்யுங்கள். மதுரைப் பதிப்பும் கோவைப் பதிப்பும் உள்பக்கங்களில் வேறு வேறு இதழ்கள். ஒருவர் அச்சுப் பிரதி, இன்னொருவர் இணையத்தில் வேறு ஊர்ப் பதிப்பு என்று பார்த்தால் சேர்க்கவே முடியாது. இணைப்பிதழ், விளம்பரம், இரங்கல் அறிவிப்பு, ராசிபலன் வேண்டாம்.

இப்போது இருவர் இரு விதமாகக் குறிப்பது. 14 இதழில் இரண்டை ஆறு பேரும் தனித்தனியே, பேசிக்கொள்ளாமல் குறிக்கவேண்டும். பிறகு இருவர் இருவராக ஒப்பிடுங்கள். "100-க்கு 90 ஒத்துப்போகிறது" என்று மகிழ்ந்துவிட வேண்டாம். ஒரு கணக்கு: 100 பேரில் இருவருமே "வல்லுநர்" என்றது 12, இருவருமே "இல்லை" என்றது 78. முதலாமவர் மட்டும் வல்லுநர் என்றது 6, இரண்டாமவர் மட்டும் 4. ஒப்புதல் 90 சதவீதம். ஆனால் முதலாமவர் மொத்தம் 18 பேரையும் இரண்டாமவர் 16 பேரையும் வல்லுநர் என்கிறார்கள். கண்ணை மூடிக் குறித்தாலே 0.18 × 0.16 + 0.82 × 0.84 = 0.7176 அளவு ஒத்துப்போயிருக்கும். அதைக் கழித்தால் (0.90 − 0.7176) ÷ (1 − 0.7176) = 0.65. இதுதான் கோஹன் கப்பா. ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே எண் வேண்டுமானால் கிரிப்பென்டார்ஃப் ஆல்ஃபா (இதே வகை ஒப்புதல் அளவு, இருவருக்கு மேல் இருந்தாலும் பொருந்தும்) போடுங்கள். அதில் 0.80 இருந்தால் நம்பலாம், 0.667-க்குக் கீழே போனால் அந்தக் கட்டத்தை வைத்து எதுவும் சொல்லக்கூடாது. பால் கட்டத்தில் எளிதாக 0.9 தாண்டும், பங்கு கட்டத்தில்தான் சறுக்கும். சறுக்கினால் ஆளைத் திட்டாமல் விதியைத் திருத்துங்கள், திருத்திய விதியை எழுதிவையுங்கள், வேறு இரண்டு இதழில் மறுபடி சோதியுங்கள்.

பிழை அளவும் சொல்லவேண்டும். 600 பேரில் 20 சதவீதம் பெண்கள் என்றால் சாதாரணக் கணக்கில் கூட்டிக் குறைத்து 3.2 புள்ளி, அதாவது 17 முதல் 23 வரை. உண்மையில் அதைவிடக் கூடுதல்தான், ஒரே செய்திக்குள் வரும் ஆட்கள் ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு வருவதால். நாள்வாரியாக 14 சதவீதங்களையும் தனித்தனியே அச்சிட்டுவிட்டால் ஏற்ற இறக்கம் படிப்பவருக்கே தெரியும்.

நூலகவாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்றைய இதழைச் சும்மா எடுத்துப் பார்த்ததில் இரண்டு சிக்கல். தமிழில் "அவர் கூறினார்" என்றால் ஆணா பெண்ணா தெரியவில்லை. ஜோதி, பாரதி, மணி என்று பெயர் வந்தால் என்ன செய்வது? இன்னொன்று, ஆளை மட்டும் எண்ணினால் "கள்ளக்காதல்" என்று தலைப்புப் போடும் மொழி தப்பித்துவிடாதா?

சொல்லாய்வு:

தப்பித்துவிடும், அதனால் மொழிக்குத் தனித்தாள் போடுங்கள்.

முதலில் பெயர். ஊகிக்காதீர்கள். செய்திக்குள் மகன், மகள், மனைவி, மாணவி, படம் என்று ஏதாவது சான்று இருந்தால் மட்டும் குறியுங்கள். பொறுப்பில் உள்ளவரானால் அரசின் பட்டியலைப் பார்க்கலாம். இல்லாவிட்டால் "தெரியவில்லை" என்று போட்டு, அந்த எண்ணிக்கையையும் அறிக்கையில் காட்டுங்கள். திருநங்கை, திருநம்பி என்று செய்தியே சொன்னால் தனிக் குறி வேண்டும், எந்தப் பக்கத்திலும் சேர்த்து எண்ணக்கூடாது.

வினைமுற்றுதான் தமிழில் கிடைக்கும் அருமையான அளவுகோல், பிற மொழிகளுக்காக எழுதப்பட்ட கையேடுகளில் இது இருக்காது. "கைது செய்யப்பட்டார்", "கைது செய்யப்பட்டான்", "ஓடினாள்", "பிடிபட்டனர்". யாருக்கு ஆர் விகுதி, யாருக்கு ஆன், ஆள் என்று ஒரு கட்டம் போதும். ஒரே குற்றச்சாட்டுக்கு வசதியானவர் "ஆர்" என்றும் கூலித்தொழிலாளி "ஆன்" என்றும் வருகிறார்களா என்பதும் அதிலேயே தெரியும். பாலோடு தொழிலையும் குறித்துக்கொள்ளுங்கள். சிறுவர் சிறுமியரைத் தனியே வையுங்கள், வயதுக்காக விகுதி மாறுவது வேறு விஷயம்.

சொற்பட்டியலை முன்னதாகவே முடிவுசெய்யுங்கள்: கள்ளக்காதல், கள்ளக்காதலி, உல்லாசம், அழகி, கற்பழிப்பு. ஒவ்வொன்றுக்கும் எதிரே மாற்றுச்சொல் வருகிறதா என்றும் எண்ணுங்கள் (திருமணம் மீறிய உறவு, பாலியல் வன்கொடுமை). கற்பழிப்பு என்ற சொல் குற்றம் செய்தவனை விட்டுவிட்டு, பாதிக்கப்பட்டவளிடம் ஏதோ அழிந்ததாகச் சொல்கிறது. அது வெறும் பழைய சொல் என்று விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. தலைப்பில் செய்தவர் இருக்கிறாரா என்பதையும் குறியுங்கள். "மாணவிக்குப் பாலியல் தொல்லை" என்பதில் செய்தவரே இல்லை. "மாணவிக்குப் பாலியல் தொல்லை: ஆசிரியர் கைது" என்பதில் இருக்கிறார்.

"பெண் டாக்டர்", "பெண் எஸ்.ஐ." என்ற அடைமொழியில் மட்டும் அவசரப்படாதீர்கள். பதவிச் சொல் பாலைக் காட்டாத மொழியில் சில இடத்தில் அது வெறும் தகவல்தான். பெயரே பெண் என்று காட்டியபிறகும் "பெண்" ஒட்டியிருந்தால் மட்டும் குறியுங்கள்.

அச்சுமையோடு ஓரிடத்தில் உடன்படவில்லை. பட்டியல் பெயர்களை விட்டுவிடக்கூடாது. உள்ளூரில் யார் பொது ஆளாக மதிக்கப்படுகிறார் என்பது அந்தக் கடைசிப் பத்தியில்தான் பதிவாகிறது. தனித்தாளில் மொத்த எண்ணிக்கை, பெண் எண்ணிக்கை என்று இரண்டு எண் போடுங்கள், முதன்மைக் கணக்கில் சேர்க்காமல்.

அச்சுமை:

தனித்தாள் என்றால் எனக்கும் சம்மதம்.

தென்கரை:

எதோடு ஒப்பிடுவது என்ற கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை. மக்கள்தொகையில் பாதி என்று ஒப்பிட்டால், "அரசியலில் பெண்கள் குறைவு, நாங்கள் உள்ளதைத்தான் எழுதுகிறோம்" என்று பதில் வரும். ஓரளவு நியாயமான பதில்தான். 2021 தேர்தலில் தமிழகச் சட்டமன்றத்தின் 234 இடங்களில் வென்ற பெண்கள் 12 பேர், 5 சதவீதம்தான். எனவே துறைக்குத் துறை வேறு அடிப்படை வையுங்கள். சட்டமன்றச் செய்திக்கு அந்த 5 சதவீதம். உள்ளாட்சிச் செய்திக்கோ 50: தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டம் 2016-ல் வந்தது, 2019 டிசம்பர் ஊரகத் தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. உங்கள் எண்ணிக்கையில் கூர்மையான இடம் இதுவாகத்தான் இருக்கும். ஊராட்சித் தலைவர் பெண்ணாக இருக்கும் ஊரின் குடிநீர்ச் செய்தியில் மேற்கோள் யாருடையது? தலைவருடையதா, கணவருடையதா, அதிகாரியுடையதா? உள்ளாட்சிச் செய்திக்கு மட்டும் இந்த ஒரு கட்டத்தைக் கூடுதலாகச் சேர்க்கலாம். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பொறுப்புக்காலம் எந்தத் தேதியோடு முடிந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள், தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாமல் அரசு அதிகாரி நிர்வகிக்கும் தனி அலுவலர் காலத்துச் செய்தியை இதில் கலக்கக்கூடாது.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் எண்ணுவது இதழில் இருப்பதை. அதைப் படித்தவர் மனம் எப்படி மாறியது என்று இதை வைத்துச் சொல்லமுடியாது. அதற்கு வேறு ஆய்வு முறை வேண்டும். ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் இருவரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வு நல்ல எடுத்துக்காட்டு. தமிழ்நாடு, பீகார், ஹரியானா, கோவா, டெல்லி ஆகிய இடங்களில் 2001 முதல் 2003 வரை ஒரே குடும்பங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இடையில் கேபிள் டிவி வந்த ஊர்களையும் வராத ஊர்களையும் ஒப்பிட்டதில், கேபிள் வந்த இடத்தில் மனைவியை அடிப்பதை ஏற்கும் பெண்களின் அளவும் ஆண் குழந்தை விருப்பமும் குறைந்திருந்தன. காட்டப்படுவது மனதைத் தொடுகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. ஆனால் அந்தச் சான்று கிடைத்தது முன்னும் பின்னும் கேட்டதால். உங்கள் அறிக்கையில் "இதனால் சமூகம் இப்படியானது" என்று ஒரு வரி இருந்தால் மீதி நாற்பது பக்கத்தையும் ஒதுக்கிவிடுவார்கள்.

நூலகவாசி:

உள்ளாட்சிக் கட்டத்தைச் சேர்த்துவிட்டோம். பட்டியல் பெயர்களுக்கும் சொற்களுக்கும் தனித்தாள். கடைசியாக ஒன்று: பயிற்சிக்குப் பயன்படுத்தும் இதழ்களை 14-ல் சேர்க்கலாமா?

கணக்குப்பிள்ளை:

கூடாது. விதி உருவாகும்போது குறித்தவை அவை, விதி மாறியபின் பழைய குறிகள் செல்லாது. பயிற்சிக்கு ஆறு மாதத்துக்கு வெளியே உள்ள இரண்டு இதழ் எடுங்கள், முடிந்ததும் அந்தத் தாள்களைத் தனிக்கோப்பில் வையுங்கள். ஒப்பீட்டுச் சோதனைக்கு 14-ல் இரண்டைச் சேர்க்கலாம் என்று மேலே சொன்னது விதி இறுதியானபிறகு. அதில் சறுக்கி விதியைத் திருத்த நேர்ந்தால் அந்த இரண்டு இதழையும் புதிய விதிப்படி முதலிலிருந்து குறிக்கவேண்டும். இறுதிக் கணக்கில் ஒருவருக்கு இரண்டு மூன்று இதழ்தான் வரும். வாரநாள் இதழ்களை ஒருவருக்கும் ஞாயிறு இதழ்களை இன்னொருவருக்கும் என்று பிரிக்காமல் குலுக்கியே பிரியுங்கள், இல்லாவிட்டால் குறிப்பவரின் பழக்கம் கிழமையின் வேறுபாடுபோலத் தெரியும்.