ஓரிகாமி (காகித மடிப்பு) படத்துக்கு என்ன நிறக் கோடு, என்ன பின்னணி?

நீடாமங்கலம் டீச்சர்:
நடுநிலைப் பள்ளியில் கைவேலை சொல்லித் தருகிறேன். மடிப்புப் படங்களை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் நானே வரைந்து பிள்ளைகளின் வீட்டு போனுக்கு அனுப்புவேன். வெள்ளைப் பின்னணி. மலை மடிப்புக்கு (முகடாக மேலெழுவது) சிவப்பு, பள்ள மடிப்புக்கு (உள்வாங்குவது) பச்சை, இரண்டும் முழுக் கோடு.

சம்பா நடவு வயலெல்லாம் கொக்கு நிற்கிறதே என்று போன வாரம் கொக்கு மடித்தோம். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பாதி மடிப்பைத் தலைகீழாக மடித்திருந்தான். கவனமில்லை என்று கடிந்துகொண்டேன். "ரெண்டு கோடும் ஒண்ணாத்தானே இருக்கு டீச்சர்" என்றான். அவன் அம்மாவிடம் கேட்டேன். அவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாதாம்; தாய்மாமனுக்கும் பச்சை மிளகாய்க் குவியலில் பழுத்த மிளகாய் தெரியாதாம். கடிந்தது இன்னும் உறுத்துகிறது.

கரண்ட் போனால் பிள்ளைகள் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். மடித்துப் பிரித்த தடத்துக்கு நான் போடும் மெல்லிய சாம்பல் கோடுகள் வெயிலில் தெரிவதில்லை. ராத்திரியில் வெள்ளைத் திரை கண்ணைக் கூசுகிறது. கறுப்புப் பின்னணிக்கு மாறலாமா?

மாயவரத்து மடிப்பு:
முதலில் கோட்டின் வடிவத்தை மாற்றுங்கள் டீச்சர். ஜப்பானிய ஓரிகாமிக் கலைஞர் யோஷிசாவா அகிரா 1950களில் கொண்டுவந்த குறியீட்டில் பள்ள மடிப்பு விட்டுவிட்டு வரும் சிறு கோடுகள். மலை மடிப்பு கோடும் புள்ளியும் கலந்தது. நிறமே இல்லாமல் படிக்கலாம். அதன்மேல் மலைக்குச் சிவப்பு, பள்ளத்துக்கு நீலம் கொடுங்கள். அந்தப் பையனுக்கு நீலம் தனியாகத் தெரிய வாய்ப்பு அதிகம்.

கறுப்பில் ஒரு சிக்கல். சுத்த நீலத்துக்கு வெள்ளையின் மேல் ஒளி வேறுபாடு சுமார் 8.6:1, கறுப்பின் மேல் வெறும் 2.4:1. பார்வைக் குறை உள்ளவர்களும் இணையத்தைப் பயன்படுத்துவதற்கான இணைய அணுகல் வழிகாட்டி (WCAG) படக் கோடுகளுக்குக் குறைந்தது 3:1 கேட்கிறது. கறுப்புதான் வேண்டுமென்றால் வெளிர் நீலம் போடுங்கள்.

குடந்தைக் கோலம்:
காகிதத்துக்கு இரண்டு முகம் உண்டே! வெள்ளைப் பின்னணியில் வெள்ளை முகம் கரைந்துபோகும், கறுப்பில் கண்ணைப் பறிக்கும். நான் வெளிர் சாம்பல் பின்னணி வைக்கிறேன். நிற முகத்துக்கு இளமஞ்சள். அடர் நிறம் போட்டால் மடிப்புக் கோடு அமுங்கிவிடும். எங்கள் வாசலில் சாணி தெளித்த ஈரத்தில் கோலம் பளிச்சென்று இருக்கும், தரை காய்ந்து வெளுத்ததும் மங்கும். மாவு அதேதான். அதனால் பின்னணியை முடிவு செய்த பிறகே கோட்டு நிறத்தைத் தொடுவேன்.

நீடாமங்கலம் டீச்சர்:
சாம்பல் பின்னணியில் மறுபடி வரைந்து, போன் திரையைக் கறுப்பு வெள்ளையாக்கித் திண்ணையில் வைத்துப் பார்த்தேன். இரண்டு மடிப்பும் பிரிந்து தெரிகின்றன. பையனும் கொக்கை மடித்துவிட்டான்; அவனிடம் மன்னிப்பும் கேட்டேன். ஏற்கெனவே மடித்துப் பிரித்த தடத்தை மட்டும் எப்படிக் காட்டுவது? சாம்பல் கோடு இப்போது பின்னணியோடு போய்விடுகிறது.

மாயவரத்து மடிப்பு:
மெல்லிய கறுப்பு முழுக் கோடு. காகிதத்தின் ஓரத்தைத் தொடாமல் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிடுங்கள்.