அரசியல் படிக்கக் காந்திகிராமமா, டெல்லியா? – அனுபவப் பகிர்வு

உசிலம்பட்டி வாசகர்

திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தில் உள்ள கிராமியப் பல்கலைக்கழகத்தில் அரசியல் முதுகலைக்கு இடம் உறுதியாகியிருந்த நிலையில், டெல்லியின் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் (ஜே.என்.யூ.) இடம் கிடைக்க, மதுரைச் சந்திப்பில் சம்பர்க் கிராந்தி ரயில் ஏறிப் போனவன் நான். இரண்டு வளாகங்களையும் இங்குள்ளோர் அறிவார்கள் என்பதால், இன்றுவரை மனத்தில் உறுத்தும் ஓர் இரவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மாணவர் பேரவைத் தேர்தல் நேரம். இரவு உணவு முடிந்ததும் விடுதி உணவுக்கூடத்தின் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒவ்வோர் அமைப்பாக வந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மேசையெங்கும் துண்டறிக்கைகள் கிடந்தன. பக்கத்தில் அமர்ந்திருந்த பீகார்க்காரர் என் ஊர்ப் பெயரைக் கேட்டவுடன், "பாப்பாபட்டி உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரம்?" என்றார். பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதியாக அறிவிக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் ஆதிக்கச் சாதியினரின் எதிர்ப்பால் 1996 முதல் 2006 வரை முறையான தேர்தலே நடத்த முடியாமற்போனதை அவர் ஆண்டு பிசகாமல் சொன்னார். வேட்புமனு தாக்கலாகாமல் போனதும், வென்றவர் உடனே பதவி விலகியதும் அவருக்குத் தெரிந்திருந்தன. பிறகு, "பத்து ஆண்டுகள் அரசு யாருக்காகக் காத்திருந்தது?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் அதை எப்போதும் 'ஊர்ப் பிரச்சினை' என்றே சொல்வார்கள். அரசின் கடமையைப் பற்றிய கேள்வியாக அதை நான் முதன்முதலாகக் கேட்டது, மதுரையிலிருந்து இரண்டு இரவுப் பயணத் தொலைவில், அந்த உணவுக்கூடத்தில்தான். தம் ஊரை வெளியிலிருந்து பார்க்க விரும்பும் மாணவர் தயங்காமல் டெல்லிக்குப் போகட்டும்.

சிறுமலை அடிவாரம்

உசிலம்பட்டி அண்ணன் எழுதியதை மதிக்கிறேன். ஆனால் முடிவை ஏற்க மாட்டேன். நான் காந்திகிராமத்தில் அரசியல் அறிவியல் படித்தவள். கதர் உடையையும் பொதுப் பிரார்த்தனையையும் சொல்லி 'ஆசிரமம்' என்று ஒதுக்குபவர்கள், கிராமத்தில் தங்கிப் பயிலும் அந்த நாட்களைப் பற்றிப் பேசுவதேயில்லை.

நாங்கள் தங்கிய ஊரில் அக்டோபர் 2 கிராம சபை. தலைவர் ஒரு பெண். நாற்காலியில் அவர் அமர்ந்திருக்க, கேட்ட கேள்விக்கெல்லாம் பின்னால் நின்றிருந்த அவருடைய கணவரே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். தெருவிளக்குக் கணக்கு வந்தபோது, நூறு நாள் வேலை அட்டையை மடியில் வைத்திருந்த ஒரு பாட்டி எழுந்து, "ஏப்பா, நீ செத்த சும்மா இரு. ஓட்டு இந்தப் பிள்ளைக்குத்தான் போட்டோம். தாயி, நீ சொல்லு" என்றார். கூட்டம் அடங்கிப்போனது. தலைவர் தீர்மானப் புத்தகத்தைத் தம் பக்கம் இழுத்து, தடுமாறித் தடுமாறி, அந்தக் கணக்கை முழுவதும் தாமே வாசித்து முடித்தார்.

ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்த 73ஆம் திருத்தம், 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், பெண்களுக்கான ஒதுக்கீடு என்று நான் தேர்வுக்குப் படித்தவை அனைத்தும் அந்தப் புத்தகம் இழுபட்ட சில நொடிகளில் என் கண்முன்னே நடந்தன. அந்தத் தலைவர் அடுத்த கூட்டத்திலும் தாமே வாசித்தாரா, கணவர் மீண்டும் முன்னுக்கு வந்துவிட்டாரா என்பது இன்றும் எனக்குத் தெரியாது. அது என்னை விடாமல் துரத்துகிறது.

கோரிப்பாளையம் ஆசிரியர்

இருவரும் முதுகலையைப் பற்றியே பேசுகிறீர்கள். என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள். சென்ற கோடையில் ஒரு மாணவன், "ஜே.என்.யூ.வில் பி.ஏ. அரசியல் சேரப்போகிறேன்" என்று உறுதியாகச் சொன்னான். அங்கே இளங்கலை பெரும்பாலும் அயல்மொழிப் படிப்புகளே என்று நான் சொன்னதும் அவன் முகம் வாடிய விதத்தை மறக்க முடியவில்லை. அந்த வீட்டில் எடுத்துச் சொல்ல ஒருவரும் இருந்திருக்கவில்லை.

ஆகவே சிலவற்றைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு டெல்லியில் அரசியல் அறிவியல் படிக்க விரும்புவோர் 1922இல் தொடங்கிய டெல்லி பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளைப் பார்க்க வேண்டும். அங்கே 2022 முதல் சேர்க்கை க்யூட் (CUET) என்னும் பல்கலைக்கழகப் பொது நுழைவுத்தேர்வு வழியாக நடக்கிறது. அந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் உள்ளே போனபின் வகுப்பும் நூல்களும் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்கும் என்பதால், தமிழ்வழியில் படித்தவர்கள் முதல் பருவத்தைத் தாக்குப்பிடிக்க, கோடை விடுமுறையிலேயே ஆங்கில நாளேட்டின் தலையங்கத்தை வாசித்துத் தமிழில் சுருக்கி எழுதிப் பழக வேண்டும். நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கல்லூரி விடுதியில் இடம் கிடைப்பது அரிது. வெளியே அறை எடுக்கும் வாடகையையும் குளிர்கால உடைச் செலவையும் சேர்த்துக் கணக்கிடாமல் முடிவெடுக்காதீர்கள். ஜே.என்.யூ.வின் நிலை வேறு: விடுதிகள் வளாகத்திற்குள்ளேயே இருக்கின்றன, காவேரி, பெரியாறு என்று நம் நதிகளின் பெயர்களும் அவற்றுக்கு உண்டு. இளங்கலையை மதுரையிலோ சென்னையிலோ முடித்துவிட்டு முதுகலைக்கு அங்கே போவது எளிய குடும்பங்களுக்குப் பொருத்தமான வழி என்பது என் கருத்து. குடிமைப் பணி எண்ணம் உள்ளவர்களுக்கு ஒன்று: முதன்மைத் தேர்வின் விருப்பப் பாடம் தலா 250 மதிப்பெண் கொண்ட இரண்டு தாள்கள், அரசியல் அறிவியலுக்கு எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தாலும் அடிப்படை நூல்கள் ஒன்றேதான்.

சிறுமலைத் தங்கைக்கும் ஒரு சொல். ஒரு கிராம சபையைப் பார்த்ததை வைத்து டெல்லி வேண்டாம் என்று சொல்வது சரியாகாது. அந்தக் காட்சியை நாட்டின் மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கல்வியும் வேண்டும்.

சிறுமலை அடிவாரம்

ஐயா, நான் டெல்லி வேண்டாம் என்று எங்கும் எழுதவில்லை. காந்திகிராமத்தை, டெல்லி கிடைக்காதவர்களின் இரண்டாம் வாய்ப்பாகச் சொல்வதைத்தான் மறுக்கிறேன்.

மேலூர்த் தந்தை

என் மகளுக்கு இந்த ஆண்டு இரண்டு இடங்களும் கிடைத்தன. 1997 ஜூன் 30 அன்று தனித்தொகுதியில் வென்ற மேலவளவு ஊராட்சியின் தலித் தலைவர் முருகேசனும் உடன் வந்தவர்களும் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்ட வட்டாரம் எங்களுடையது. அவள் பிறப்பதற்கு முன் நடந்தது என்றாலும், அதைக் கேட்டு வளர்ந்துதான் அரசியல் படிக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கினாள்.

உறவினர்கள் கூடிப் பேசிய அன்று, பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று அவளுடைய தாய்மாமன் கேட்டார். நானும் பாதுகாப்பைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசினேன். எல்லோருக்கும் காப்பி கொடுத்துவிட்டு வந்து அமர்ந்த அவள், "அப்பா, எந்த ஊர் பாதுகாப்பானது என்று எல்லோரும் கேட்டுவிட்டீர்கள். மேலவளவைப் பற்றி நான் எழுதினால் எந்த ஊரில் அதை முழுதாக வாசித்துத் திருத்திக் கொடுப்பார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லையே" என்றாள். தாய்மாமனுக்கும் எனக்கும் அதற்கு விடை இல்லை.

அடுத்த நாள் இரண்டு துறைகளிலும் ஊராட்சி, சாதி, இடஒதுக்கீடு குறித்து ஆய்வு நெறிப்படுத்தும் ஆசிரியர்களின் பெயர்களைத் தேடி எடுத்து, அவர்களுடைய கட்டுரைகளை வாசித்து, இருபக்கமும் அவளே கடிதம் எழுதினாள். பதில்கள் வந்து அவள் முடிவெடுக்கட்டும் என்று கட்டணக் கெடு நாள்வரை காத்திருக்கிறோம். கோரிப்பாளையம் ஆசிரியர் சொன்ன செலவுக் கணக்கையும் போட்டு வைத்திருக்கிறேன். டெல்லி என்று முடிவானால் அதற்கும் பணம் தயாராக இருக்கிறது.