வலசைப் பருந்துக் கணக்கு: என் எண்ணிக்கையும் எண்ணுநரின் எண்ணிக்கையும் ஏன் ஒத்துவரவில்லை?

கிழக்குக்கரை (கேள்வி)

அன்பர்களுக்கு வணக்கம். நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் பென்சில்வேனியாவின் கெம்ப்டன் ஊருக்கு அருகிலுள்ள ஹாக் மவுண்டன் சரணாலயத்துக்கு என் மகளோடு சென்று, அங்குள்ள வடக்குப் பார்வைமுனையில் ஒரு நாள் முழுவதும் அமர்ந்திருந்தேன். கிட்டாட்டினி மலைத்தொடரின் முகட்டில், ஏறத்தாழ 1,500 அடி உயரத்தில் இருக்கும் பாறைக்குவியல் அது. வடகிழக்கிலிருந்து தென்மேற்காக வலசை போகும் பருந்துகளை எண்ணுவதற்கென்றே ஒருவர் அங்கு இருக்கிறார். எதிரே தெரியும் மலைமேடுகளுக்கு ஒன்று, இரண்டு என எண்களையே பெயராக வைத்திருப்பதால், ஒருவர் "மூன்றுக்கு மேலே" என்றவுடன் அத்தனை பேரின் தொலைநோக்கிகளும் ஒரே பக்கம் திரும்புகின்றன.

நாங்களும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தோம். காலை பத்து முதல் பதினொரு மணி வரை நான் 412 அகன்ற சிறகுப் பருந்துகளை எண்ணினேன்; எண்ணுநர் 377 என்று எழுதினார். நண்பகலில் என் மகள் 96 என்றாள். அவர் 158 என்று எழுதினார். ஒரு முறை நாங்கள் கூடுதலாகவும் மறுமுறை குறைவாகவும் எண்ணியிருந்தோம். அவருடைய திறமையை நான் ஐயுறவில்லை. ஆனாலும், சுழன்றுகொண்டே இருக்கும் பறவைகளை ஒருவர் எப்படிச் சரியாக எண்ண முடியும், ஒரே பறவை இருமுறை கணக்கில் வராதா, கண்ணுக்கு எட்டாமல் போகும் பறவைகள் எத்தனையோ இருக்கும்போது இந்த எண்ணால் என்ன பயன் என்ற கேள்விகள் எழுகின்றன. அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மலைமுகடு

ஐயா, வணக்கம். இதே மலைத்தொடரில் வேறொரு முகட்டில் எட்டு இலையுதிர் காலங்களாகத் தன்னார்வலராக எண்ணி வருகிறேன். உங்களுடைய 412 மிகுந்துபோனது பெரும்பாலும் சுழலில்தான் நேர்ந்திருக்கும். வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் காற்றில் அகன்ற சிறகுப் பருந்துகள் கூட்டமாகச் சேர்ந்து வட்டமிட்டுக்கொண்டே உயர்கின்றன. கொதிக்கும் பாத்திரத்தை நினைவூட்டுவதால் அந்தக் கூட்டத்தைக் 'கெட்டில்' என்று அழைக்கிறார்கள். அது சுழன்றுகொண்டிருக்கும்போது எண்ணவே கூடாது, ஏனென்றால் கீழே இருந்த பறவை மேலே வந்ததும் அது புதிய பறவையாகத் தோன்றும். காற்றேற்றத்தின் உச்சியை எட்டியதும் அவை சிறகைச் சற்று ஒடுக்கிக்கொண்டு, அடுத்த காற்றேற்றத்தை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக நேராக வழுக்கிச் செல்லும். அந்த வரிசையைத்தான் எண்ண வேண்டும். தொலைநோக்கியை ஓரிடத்தில் நிலையாக வைத்து, அதன் வட்டத்தைக் கடக்கும் ஒவ்வொரு பறவைக்கும் கையிலுள்ள எண்ணியை ஒரு முறை அழுத்துவோம். வரிசை மிக அடர்த்தியாக வந்தால் பத்துப் பத்தாக எண்ணுவோம்.

உங்கள் மகளுக்குக் குறைந்ததற்குக் காரணம் வேறு. நண்பகலில் காற்றேற்றம் வலுப்பெறுவதால் பறவைகள் வெறுங்கண்ணுக்குத் தெரியாத உயரத்துக்குப் போய்விடுகின்றன. மேகமே இல்லாத நீலவானில் கண்ணுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. வெண்மேகம் பின்னால் இருந்தால் அதே பறவை மிளகு போலத் தெளிவாகத் தெரியும். எண்ணுநர் வெறும் வானத்தையும் தொலைநோக்கியால் சிறிது சிறிதாகத் துழாவிக்கொண்டே இருப்பார். அந்தப் பழக்கம் வர இரண்டு மூன்று பருவங்கள் ஆகும் என்பதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள்; முதல் நாளிலேயே 96 என்பது சிறிய எண்ணிக்கை அல்ல.

இருமுறை எண்ணிவிடுவோமோ என்ற அச்சம் எங்களுக்கும் உண்டு. ஆகவே, பார்வைமுனையைக் கடந்து தெற்கே போய்விட்டது என்று உறுதியான பிறகே ஒரு பறவையைக் கணக்கில் சேர்க்கிறோம். முகட்டில் திரும்பத் திரும்ப வட்டமிடும் உள்ளூர்ச் செவ்வால் பருந்தைச் சேர்ப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படிவத்தில் 'அடையாளம் காணப்படாதது' என்றொரு கட்டம் உண்டு. என் முதல் பருவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்புவதை இழுக்காகக் கருதி, தொலைவில் போன ஒரு பறவையைக் கூப்பர் பருந்து என்று எழுதிவிட்டேன். கூப்பர் பருந்தின் தலை சிறகின் முன்விளிம்பைத் தாண்டி நீண்டு தெரியும், வால்நுனி வட்டமாக இருக்கும். அதைவிடச் சிறிய ஷார்ப்ஷின் பருந்தின் தலை சிறகுகளுக்கிடையே அடங்கியிருக்கும், வால்நுனி வெட்டியது போல இருக்கும். நான் அன்று தலையையும் பார்க்கவில்லை, வாலையும் பார்க்கவில்லை. தெரியாததைத் தெரியாதது என்று எழுதுவதே இந்த வேலையின் பெரும்பகுதி என்று மூத்த எண்ணுநர் ஒருவர் பிறகு எனக்குப் பொறுமையாக விளக்கினார்.

பழைய ஏடு

எண்ணும் முறையை மலைமுகடு அம்மையார் விளக்கிவிட்டார்கள். பயன் என்ன என்ற கேள்விக்கு அந்த மலையின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது என்று எண்ணுகிறேன்.

1929இல் பென்சில்வேனிய அரசு ஒவ்வொரு காஸ்ஹாக் பருந்துக்கும் ஐந்து டாலர் வெகுமதி அறிவித்திருந்தது. இலையுதிர் காலத்தில் துப்பாக்கியோடு அந்த முகட்டில் ஏறியவர்கள் கண்ணில் பட்ட பருந்துகளையெல்லாம் சுட்டு வீழ்த்தினார்கள். 1934இல் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி ஏறத்தாழ 1,400 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, மாரிஸ் பிரௌன் என்ற இளைஞரைக் காவலராக அமர்த்தினார். பிரௌனும் அவருடைய மனைவி இர்மாவும் வேட்டைக்காரர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அதே ஆண்டில் பிரௌன் பருந்துகளை எண்ணவும் தொடங்கினார். உலகப் போர்க்காலத்தில் அவர் படையில் இருந்த ஆண்டுகளைத் தவிர, அந்தக் கணக்கு இன்றுவரை தொடர்கிறது.

வெண்தலைக் கழுகின் குஞ்சுப்பருவப் பறவை முழுக்கப் பழுப்பாக இருக்கும். தலையும் வாலும் வெளுக்கச் சில ஆண்டுகள் ஆகும். எனவே வயதைத் தனியே குறிப்பது எளிது, பிரௌனும் குறித்துவைத்தார். 1935 முதல் 1939 வரை அங்கு காணப்பட்ட வெண்தலைக் கழுகுகளில் நூற்றுக்கு 40 இளம் பறவைகள். 1955 முதல் 1959 வரை அது நூற்றுக்கு 20 ஆகக் குறைந்தது. 1957இல் 32 முதிர்ந்த கழுகுகளுக்கு ஒரே ஒரு இளம் கழுகுதான் இருந்தது. இந்த எண்களை ரேச்சல் கார்சன் 1962இல் வெளியான 'சைலண்ட் ஸ்பிரிங்' நூலில் பூச்சிக்கொல்லிகளுக்கு எதிரான சான்றாக எடுத்துக்காட்டினார். 1972இல் அமெரிக்காவில் டிடிடி தடை செய்யப்பட்டது. பிரௌன் எண்ணத் தொடங்கியபோது டிடிடி என்ற பூச்சிக்கொல்லியே புழக்கத்தில் இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். எதற்குப் பயன்படும் என்று தெரியாமலே கருத்தாக எழுதிவைத்த ஒரு கட்டம் அது. உங்கள் 412இல் 35 கூடியதோ உங்கள் மகளின் 96இல் 62 குறைந்ததோ அந்த விகிதத்தை அசைத்திருக்காது. ஆனால் இளம் கழுகும் முதிர்ந்த கழுகும் பிரித்து எழுதப்படாதிருந்தால் எதுவுமே தெரிந்திருக்காது.

தென்றல்வழி

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆயினும் ஓர் எச்சரிக்கையைச் சேர்க்காவிட்டால், எண் குறைந்தாலே இனம் அழிகிறது என்று படிப்பவர்கள் முடிவுகட்டிவிடக்கூடும்.

முகட்டில் எண்ணுவது பறவைகளின் மொத்தத் தொகையை அல்ல, அன்றைய காற்று அந்த வழியாக அனுப்பிய பங்கை மட்டுமே. குளிர்ந்த காற்றலை கடந்துபோன பின் வடமேற்குக் காற்று மலைச்சரிவில் மோதி மேலெழும் நாள்களில் பருந்துகள் முகட்டை ஒட்டியே வருகின்றன. காற்று வேறு திசையில் வீசினால் பரந்த நாட்டின்மேல் சிதறிப் போய்விடுகின்றன. அகன்ற சிறகுப் பருந்துகள் விஷயத்தில் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் பெரிது. ஹாக் மவுண்டனில் 1978 செப்டம்பர் 14 அன்று ஒரே நாளில் 21,448 அகன்ற சிறகுப் பருந்துகள் எண்ணப்பட்டன; அங்கே எல்லா இனங்களும் சேர்ந்தே ஒரு பருவத்துக்குச் சராசரியாக ஏறக்குறைய 18,000தான் வரும். ஆகவே ஒரு நாளையோ ஓர் ஆண்டையோ மட்டும் வைத்து எதையும் சொல்ல இயலாது. படிவத்தில் மணிக்கு மணி காற்றின் திசை, வேகம், வெப்பநிலை, மேகம், பார்வைத் தொலைவு ஆகியவற்றை எழுதச் சொல்வது இதனால்தான்.

மேலும், செவ்வால் பருந்துகள் சில, குளிர்காலம் மிதமாகிவருவதால் வடக்கிலேயே தங்கிவிடுகின்றன. அவை சாகவில்லை, பயணத்தைச் சுருக்கிக்கொண்டன. பென்சில்வேனிய முகட்டின் கணக்கு மட்டும் கையில் இருந்தால் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. பல முகடுகளின் கணக்கையும் குளிர்காலக் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அகன்ற சிறகுப் பருந்து அப்படித் தங்கும் இனம் அல்ல; அது மத்திய, தென் அமெரிக்காவுக்குப் போயே தீரும். மெக்சிகோவின் வெராக்ரூஸ் மாநிலத்தில் மலைக்கும் கடலுக்கும் இடையிலுள்ள குறுகிய சமவெளியில் எல்லா வழிகளும் ஒன்றுசேர்வதால், இலையுதிர் காலத்தில் நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பருந்தினப் பறவைகளை அங்கே எண்ணுகிறார்கள். அந்த இனத்துக்கு நான் அந்தக் கணக்கையே பெரிதும் நம்புவேன்.

கிழக்குக்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நவம்பர் முதல் வாரத்தில் மீண்டும் சென்று வந்தோம். வடமேற்குக் காற்று கடுமையாக வீசியது. கையுறை இல்லாமல் பென்சில் பிடிக்க முடியவில்லை. செப்டம்பரின் கூட்டங்கள் எதுவும் இல்லை, ஒவ்வொன்றாகத்தான் வந்தன. ஆனால் பிற்பகல் இரண்டு மணி அளவில் பொன்னிறக் கழுகு ஒன்று முகட்டின் ஓரமாக, எங்கள் கண்மட்டத்துக்கும் கீழே, ஒரு முறைகூடச் சிறகடிக்காமல் கடந்து சென்றது. அதன் பிடரி வெயிலில் மின்னியதை நாங்கள் மேலிருந்து பார்த்தோம்.

இம்முறை ஒவ்வொரு மணிக்கும் காற்றையும் மேகத்தையும் எழுதினோம். அன்றைய எங்கள் மொத்தம் 43, எண்ணுநருடையது 47. அந்த 43இல் மூன்றை என் மகள் 'அடையாளம் காணப்படாதது' என்று எழுதியிருந்தாள். அவற்றில் ஒன்று செவ்வால் பருந்துதான் என்று நான் எவ்வளவு சொல்லியும், வாலைப் பார்த்தீர்களா அப்பா என்று கேட்டுவிட்டு அவள் அதை மாற்றவில்லை.