ஜெர்மனியில் தமிழ்ப் படம் ஓடவில்லை, உதவி தேவை

கருங்கல்காரி:
ஜெர்மனியில் முதுகலை படிக்கிறேன். அப்பா நம்பரில் எடுத்த ஓடிடி கணக்கு வீட்டு டிவியில் நன்றாக ஓடுகிறது. இங்கே என் லேப்டாப்பில் லாகின் ஆகிறது, ஓடிபியும் அப்பா சொல்லிவிடுகிறார், ஆனால் படத்தைத் தொட்டால் 'உங்கள் பகுதியில் கிடைக்காது' என்று வருகிறது. காசு கட்டிய கணக்குதானே? தம்பி அங்கே படத்தை ஓடவிட்டு வீடியோ காலில் ஸ்கிரீன் ஷேர் செய்தான். சத்தம் வருகிறது, படம் வெறும் கறுப்பு. கூடத் தங்கியிருப்பவர்களுக்குத் தமிழ் தெரியாது, ஆங்கில சப்டைட்டிலும் வேண்டும்.

தக்கலைமக்கா:
டொரன்டில் (ஆளுக்கு ஆள் கோப்பைப் பகிரும் முறை) இறக்கு மக்கா. அஞ்சு நிமிஷ வேலை.

குழித்துறை அண்ணன்:
அவன் பேச்சைக் கேட்காதே தங்கச்சி. நானும் இங்கேதான் இருக்கிறேன். டொரன்டில் இறக்கும்போதே நம் கணினி அதை மற்றவர்களுக்கு ஏற்றியும் விடும். அதைப் பிடித்துத்தான் இங்கே வக்கீல்கள் 'அப்மானுங்' என்று பதிப்புரிமை எச்சரிக்கைக் கடிதம் அனுப்பி நூற்றுக்கணக்கில் யூரோ கேட்பார்கள். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குக் கடிதம் போகும். அறைத்தோழி பெயரில் இருந்தால் பாவம், மாட்டுவது அவள்.

உன் கணக்கில் கோளாறு ஒன்றும் இல்லை. படத்தின் உரிமையை நாடு நாடாகப் பிரித்து விற்கிறார்கள். இந்தியாவில் ஒரு சேவை வாங்கியிருக்கும், ஜெர்மனிக்கு வேறொன்று வாங்கியிருக்கும், யாரும் வாங்காமலும் கிடக்கும். ஸ்கிரீன் கறுப்பாவது டிஆர்எம் பூட்டு, படத்தை நகலெடுக்காமல் தடுப்பது. தம்பியைத் திட்டாதே.

நாகர்கோவில்வாசி:
2018-லிருந்து ஐரோப்பாவில் எங்கே போனாலும் சொந்தக் கணக்கில் பார்க்கலாம் என்று சட்டம் வந்ததே?

குழித்துறை அண்ணன்:
அது ஐரோப்பிய ஒன்றியத்தில் குடியிருந்து, அங்கேயே கட்டணச் சந்தா வைத்திருப்பவர் ஒன்றியத்தின் வேறொரு நாட்டுக்குக் கொஞ்ச நாள் போகும்போது. கருங்கல்காரியின் இந்தியக் கணக்குக்குச் செல்லாது.

தங்கச்சி, ஜஸ்ட்வாட்ச் தளத்தில் நாட்டை ஜெர்மனி என்று மாற்றிப் படத்தைத் தேடு. எந்தச் சேவையில், வாடகைக்கா சந்தாவிலா என்று காட்டும். சப்டைட்டில் மொழியைக் காசு கட்டும் முன் அந்தச் சேவையின் பக்கத்திலேயே பார்த்துக்கொள். விபிஎன் (வேறு நாட்டிலிருந்து பார்ப்பதுபோல் காட்டும் இணைப்பு) பற்றியும் யாராவது வந்து சொல்வார்கள். பெரும்பாலான சேவைகள் கண்டுபிடித்து நிறுத்திவிடும், அவர்கள் விதிக்கும் விரோதம்.

கருங்கல்காரி:
நன்றி அண்ணா. தேடிய படம் ஒன்று வாடகைக்குக் கிடைத்தது, ஆங்கில சப்டைட்டிலும் இருக்கிறது! அம்மா அங்கே டிவியில், நான் இங்கே, போனில் பேசிக்கொண்டே ஒரே நேரத்தில் தட்டலாம் என்று இருக்கிறோம். ஊரில் ராத்திரி 9 என்றால் இங்கே 4.30 தானே? வாடகைக்கு எடுத்ததும் உடனே பார்க்கணுமா?

குழித்துறை அண்ணன்:
இப்போது 4.30. மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரம் மாறினால் 5.30. வாடகைப் படத்தைப் பெரும்பாலும் 30 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். தொடங்கிவிட்டால் 48 மணி நேரம்தான் இருக்கும், அதனால் ஓடுகிறதா என்று சோதிக்க முன்கூட்டியே பிளே தட்டிவிடாதே.