இருதய மாத்திரை ஆரம்பித்ததும் கிரியேட்டினின் ஏறுகிறது, நிறுத்தலாமா?

சுங்கை சிப்புட் மகன்
வணக்கம். அப்பாவுக்கு 67 வயது, இருதயம் பலவீனம். கால் வீக்கத்துக்குத் தண்ணி மாத்திரை ஃபுரோசமைட் 40 மில்லிகிராம் ஏற்கெனவே சாப்பிடுகிறார். இருதயத்துக்குப் பெரிண்டோபிரில் சேர்த்து மூன்று வாரம். ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 110-இலிருந்து 138 ஆகிவிட்டது, பொட்டாசியம் 4.9. "தண்ணி மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்குது" என்கிறார்கள் தோட்டத்தில்.

பேராக் தாதி
நீங்களாக நிறுத்தாதீர்கள் தம்பி. 110-க்கு 138 என்றால் 25 விழுக்காடு ஏற்றம். பெரிண்டோபிரில் சிறுநீரக வடிகட்டிக்குள் அழுத்தத்தைக் குறைக்கும், அதனால் 30 விழுக்காடு வரை ஏறுவது எதிர்பார்த்ததே. அதைத் தாண்டினாலோ, பொட்டாசியம் 5.5-க்கு மேல் போனாலோ டாக்டர் அளவை மாற்றுவார். ஓரிரு வாரத்தில் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள்.

இருதயம் இறைக்கும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகத்துக்குப் போகிறது. இறைப்பு குறைந்தால் வரத்து குறையும், இது எல்லாருக்கும் தெரியும். போக்கு அடைபடுவதைத்தான் மறந்துவிடுகிறார்கள். வலப்பக்க இருதயம் வாங்காத ரத்தம் சிரையில் தேங்கி சிறுநீரகத்தை அழுத்தும். தெருவிலுள்ள பெரிய லோங்காங் (கால்வாய்) நிரம்பினால் வீட்டுச் சாக்கடை இறங்காது, அதே கதை. வரத்து குறைந்ததும் சிறுநீரகம் உடம்பில் தண்ணீரே இல்லை என்று எண்ணி, உப்பையும் நீரையும் இன்னும் பிடித்து வைக்கும். வீக்கம் வடிந்த பிறகு கிரியேட்டினின் இறங்குகிறவர்களும் உண்டு.

சுங்கை சிப்புட் மகன்
வீக்கமா, தண்ணீர் வற்றிவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது அக்கா?

பேராக் தாதி
தராசு. காலையில் சிறுநீர் கழித்த பிறகு, பசியாறும் முன், ஒரே மாதிரி உடுப்பில். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் கிளினிக்குக்குப் போங்கள். எடை இறங்கிக்கொண்டே வந்து, எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் தண்ணி மாத்திரை அதிகம். அப்போதும் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

மருந்துக்கடை
மூட்டு வலிக்கு போன்ஸ்தான், வோல்டரன் வாங்கித் தருகிறீர்களா? பெரிண்டோபிரில், ஃபுரோசமைட் இரண்டோடு இந்த வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் சில நாளில் படுத்துவிடலாம். பாரசிட்டமால் போதும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த அன்றே கிளினிக்குக்குப் போன் போடுங்கள். பெரிண்டோபிரில், ஃபுரோசமைட் இரண்டையும் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள்.

உப்பு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள், அதுவும் கருவாடு, பிளாச்சான் (இறால் விழுது), கிச்சாப் (சோயா சாஸ்), பாக்கெட் மீ (நூடுல்ஸ்) எல்லாவற்றையும் சேர்த்து. "சோடியம் குறைந்த உப்பு" வாங்காதீர்கள், பலவற்றில் பொட்டாசியம் குளோரைடுதான் இருக்கிறது; பெரிண்டோபிரிலோடு சேர்ந்து ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும். அதனால் இளநீரும் அளவோடு. பெலிம்பிங் (நட்சத்திரப் பழம்) வேண்டவே வேண்டாம்: சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது விடாத விக்கலில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோகும்.